எதுக்கெடுத்தாலும் ஃபார்மேட்டா?

பொட்டி தட்டிப் பொழப்பு நடத்துறவனுக்கு ஒரு சாபம் உண்டு மக்களே. சொந்தக்காரங்க வீட்டுல எந்தப் பொட்டி படுத்தாலும் ஃபோன் நமக்குத்தான் வரும். அதுகூடப் பரவாயில்லை, ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரத்துல ஒரு மாறுதல்னு எடுத்துக்கலாம். ஆனா ஃபோன் நம்மகிட்ட வர்றதுக்குள்ள யாராவது ஒரு புண்ணியவான் "ஓஎஸ் போயிடுச்சு சார், ஃபார்மேட் போட்டாதான் சரியாகும்"னு தீர்ப்பு எழுதி வெச்சிருப்பார் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. இந்தப் பதிவு அந்தப் புண்ணியவான்களுக்கு சமர்ப்பணம். அதுல பாதிப்பேர் நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்சவங்க என்பது கூடுதல் கொடுமை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். அப்டேட் போட்டதுக்கு அப்புறம் பொட்டி பூட் ஆகலைன்னா, ஃபார்மேட் என்பது ரிப்பேர் கிடையாது. ரிப்பேர் பண்ணத் தெரியலைன்னு ஒத்துக்கறதுக்கு அது ஒரு கௌரவமான பேர். அவ்வளவுதான்.

பூட் ஆகறதுன்னா என்னன்னு கொஞ்சம் பார்ப்போம். பவர் பட்டனை அமுக்கினதும் மதர்போர்டுல இருக்கிற யூஇஎஃப்ஐ முழிச்சுக்கும். அது டிஸ்க்ல தனியா ஒதுக்கி வெச்சிருக்கிற ஒரு குட்டி பார்ட்டிஷனுக்குப் போகும். சாதாரணமா அது சில நூறு எம்பிதான். அங்கே இருக்கிற பூட் மேனேஜர், விண்டோஸ் லோடரை எழுப்பும். லோடர் கெர்னலையும் டிரைவர்களையும் ஏத்தும். அதுக்கப்புறம்தான் லாகின் திரை. அப்டேட் கெடுக்கிறது இந்தச் சங்கிலியில ஏதோ ஒரு கண்ணியைத்தான். உங்க கல்யாண ஃபோட்டோவும், பாதி எழுதி கிடப்புல போட்ட பதிவுகளும் இருக்கிற ஃபோல்டருக்கு இந்தச் சங்கிலியில எந்த வேலையும் இல்லை. தண்டவாளத்துல மரம் விழுந்து ரயில் நின்னா மரத்தை எடுப்போமா, ரயில் போக வேண்டிய ஊரை இடிப்போமா?

"சும்மா வாய்ல சொல்லாதப்பா, ஆதாரம் இருக்கா?"ன்னு கேக்கறவங்களுக்கு, உலகமே பார்த்த ஆதாரம் ஒண்ணு இருக்கு. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி தன்னோட பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட்டை அனுப்பினப்ப இந்திய நேரம் காலை 9.39. தப்பு தெரிஞ்சு வாபஸ் வாங்க 78 நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள, மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் நீலத்திரையோட குத்த வெச்சு உக்காந்துடுச்சு. விமானங்கள் ரத்து, ஆஸ்பத்திரிகள்ல குழப்பம், நம்ம ஊர் ஏர்போர்ட்ல கையாலேயே போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தாங்க.

இதுக்கு வைத்தியம் என்னன்னு சொன்னாங்க தெரியுமா? சேஃப் மோட்லயோ ரெகவரி திரையிலயோ போ, டிரைவர் ஃபோல்டருக்குள்ள 291ங்கிற நம்பர் உள்ள அந்த ஒரு ஃபைலை டெலீட் பண்ணு, ரீஸ்டார்ட் பண்ணு. முடிஞ்சது! சில பொட்டிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணினதிலேயே சரியாச்சு, 15 தடவை வரைக்கும் ஆகலாம்னு மைக்ரோசாஃப்டே சொன்னது தனிக் காமெடி :-) ஆனா ஒருத்தராவது "85 லட்சம் பொட்டியையும் ஃபார்மேட் போடுங்க"ன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா தொலைச்சுக் கட்டியிருப்பாங்க.

இப்ப எங்க சித்தப்பா கதைக்கு வருவோம். ரிட்டயர்டு வாத்தியார். ராத்திரி லேப்டாப் அப்டேட் கேட்டிருக்கு, சரின்னுட்டுத் தூங்கப் போயிட்டார். காலையில கறுப்புத் திரை. தெருமுனைக் கடைக்குத் தூக்கிட்டுப் போனார். சாயங்காலம் பளபளன்னு திரும்பி வந்துச்சு, உள்ளே ஒண்ணுமே இல்லாம. எங்க அப்பத்தா உயிரோட இருந்தப்ப அவங்க சொல்லச் சொல்ல சித்தப்பா ரெக்கார்ட் பண்ணி வெச்ச ஊர்க்கதைகள் அதுல இருந்துச்சு. அப்பத்தா இப்ப இல்லை. அந்தக் குரல் வேற எங்கேயும் இல்லை. "டேட்டா வேணுமா?"ன்னு கடையில ஒரு வார்த்தை கேக்கலைன்னு சொன்னார். கோபமாக்கூடச் சொல்லலை. "எனக்கென்ன தெரியும்ப்பா, அவங்க படிச்சவங்க"ன்னார்.

ஏர்போர்ட் பொட்டிக்கு ஒரு நியாயம், சித்தப்பா பொட்டிக்கு ஒரு நியாயமா? ரெண்டும் அப்டேட்டால படுத்த பொட்டிதான். ஒண்ணுக்கு ஃபைல் ஃபைலாத் தேடி வைத்தியம், இன்னொண்ணுக்கு நேரா சுடுகாடு. இதுல தொழில்நுட்பம் எங்கே இருக்கு? மரியாதைதான் வித்தியாசம்.

"கம்பெனியில நாங்களும்தான் ஃபார்மேட் போடறோம்"னு ஒரு சிஸ்டம் அட்மின் நண்பர் வாதாடுவார். போடுங்க ராசா. உங்க ஃபைல் எல்லாம் சர்வர்ல உக்காந்திருக்கு, பொட்டி வெறும் கூடு. சித்தப்பாவுக்கு எந்த சர்வர் இருக்கு?

இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியாம இல்லை. எக்ஸ்பி காலத்துல கடைக்காரர் டிஸ்க்கை சி, டி, ஈன்னு பிரிச்சுத்தான் குடுப்பார். பாட்டு, படம், ஃபோட்டோ எல்லாம் டி டிரைவ்ல. சி-யை ஃபார்மேட் போட்டா விண்டோஸ் மட்டும் புதுசாகும், சொத்து பத்திரமா இருக்கும். தப்பிப் போனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்ல ரெகவரி மென்பொருள் போட்டு ஓரளவுக்கு மீட்டுடலாம். அன்னிக்கு அது சரி. இன்னிக்கு வர்ற லேப்டாப்ல பெரும்பாலும் சி மட்டும்தான். உள்ளே இருக்கிறது எஸ்எஸ்டி. ஃபார்மேட் போட்டதும் ட்ரிம் கட்டளை போய் பழைய தகவலைத் துடைச்சுடும், பெரும்பாலும் மீட்க வழியே இல்லை. போதாக்குறைக்கு பிட்லாக்கர் பூட்டு வேற. 2024ல வந்த விண்டோஸ் 11 24எச்2-லேருந்து, புதுசா நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்குல லாகின் பண்ணினா ஹோம் பதிப்புல கூட டிஸ்க் தானாவே பூட்டிக்கும். ஆக, இருபது வருஷத்துக்கு முன்னாடி பாதி ஆபத்தா இருந்த பழக்கம் இன்னிக்கு முழு ஆபத்து. நாம மட்டும் இன்னும் எக்ஸ்பி சிடியைக் கையில வெச்சிட்டு நிக்கிறோம்.

கடைக்காரரை மட்டும் திட்டறது நியாயமில்லைதான். நோயைக் கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம் செலவு பண்ணினா அதுக்கு நாம காசு குடுக்க மாட்டோம். "ஃபார்மேட் போட்டேன்"னா பேசாம எடுத்துக் குடுப்போம். அவர் எதைச் செய்வார்? அதே மாதிரி மைக்ரோசாஃப்டும் யோக்கியம் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்னிக்கு விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்தினாங்க. அதே நாள் விண்டோஸ் 11-க்கு வந்த அப்டேட், ரெகவரி திரையில யூஎஸ்பி கீபோர்டையும் மவுஸையும் வேலை செய்யாம ஆக்கிடுச்சு. நெருப்பு பிடிச்சா தப்பிக்கிற கதவுக்கே வெளியிலேருந்து தாழ்ப்பாள்! 20ஆம் தேதி அவசரமா இன்னொரு அப்டேட் விட்டு சரி பண்ணினாங்க.

சரி, திட்டினது போதும். ஃபார்மேட்டுக்கு முன்னாடி செய்ய என்ன இருக்குன்னு கேக்கறவங்களுக்கு:

1. வெளியே சொருகியிருக்கிற பென் டிரைவ், பிரிண்டர் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு தடவை பூட் பண்ணிப் பாருங்க.

2. தொடர்ந்து ரெண்டு தடவை பூட் ஆகாம விழுந்தா, விண்டோஸ் தானாவே ரெகவரி திரைக்குப் போகும். போகலைன்னா வேற பொட்டியில விண்டோஸ் நிறுவற பென் டிரைவ் ஒண்ணு தயார் பண்ணி, அதுலேருந்து பூட் பண்ணி "ரிப்பேர்"ங்கிறதை எடுங்க. "இன்ஸ்டால்" பக்கம் கை போகக் கூடாது.

3. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்"னு ஒண்ணு இருக்கு. கடைசியா வந்த அப்டேட்டைத் தூக்குங்க. ஆகலைன்னா ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோட்.

4. பிட்லாக்கர் 48 இலக்க சாவி கேட்டா பதறாதீங்க. ஃபோன்லேருந்து உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல லாகின் பண்ணிப் பாருங்க, பல பேருக்கு அங்கேயே இருக்கும்.

5. எதுவும் நடக்கலையா? லினக்ஸ் பென் டிரைவ்லேருந்து பூட் பண்ணி ஃபைல்களை வெளியே எடுங்க. பூட்டியிருந்தாலும் சாவி இருந்தா திறக்கும். எடுத்ததுக்கு அப்புறம் ஃபார்மேட் போடுங்க, இல்லை பொங்கல் வைங்க, உங்க இஷ்டம்.

உபுண்டுக்காரங்க ரொம்பச் சிரிக்க வேணாம். உங்க ஊர்லயும் கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் பொட்டி படுக்கும். ஆனா க்ரப் மெனுவுல பழைய கெர்னல் காத்துட்டிருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தா எழுந்துக்கும். அதைப் பார்க்காம ரீஇன்ஸ்டால் பண்றவங்களும் இந்தப் பதிவுல திட்டு வாங்குற கூட்டம்தான்.

"பேக்கப் எடுக்காதது அவங்க தப்பு"ன்னு ஒரு பின்னூட்டம் வரும், எனக்குத் தெரியும். பேக்கப் எடுக்கணும், மறுக்கலை. ஆனா ஹெல்மெட் போடலைங்கிறதுக்காக அடிபட்டு ரோட்டுல கிடக்கிறவன் மேல வண்டியை ஏத்த யாருக்கும் லைசென்ஸ் கிடையாது.

அதனால பொட்டி தட்டும் பெருமக்களே, அடுத்த தடவை அத்தையோ மாமாவோ ஃபோன் பண்ணி "பொட்டி ஆன் ஆகலைப்பா"ன்னா, உங்க வாயிலேருந்து வர்ற முதல் கேள்வி "உள்ளே என்ன வெச்சிருக்கீங்க?"ன்னு இருக்கட்டும். கடைக்குக் குடுக்கச் சொல்றீங்களா, "டேட்டாவை எடுக்காம கை வைக்கக் கூடாது"ன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. நோயைப் பார்த்ததுக்கும் தனியாக் காசு குடுக்கச் சொல்லுங்க.

டிஸ்கி: ஃபார்மேட் போட்டுப் பழகின கைகள் பின்னூட்டத்துல வந்து தாராளமா கும்மலாம். தனிமனிதத் தாக்குதல் மட்டும் வேணாம். பின்னூட்டத்தை எல்லாம் நான் ஃபார்மேட் போட மாட்டேன் ;-)