அறிவித்தல் பலகை



பளை இரண்டு தடவை ரயில் பாதையின் கடைசி நிலையமாக இருந்திருக்கிறது. காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த தண்டவாளம் 1902இல் பளையோடு நின்றது. தெற்கோடு அது தொடுக்கப்பட்டது 1905இல். பிறகு, போரில் அழிந்த பாதை திரும்பப் போடப்பட்ட 2014. மார்ச்சில் கொழும்பிலிருந்து வந்த யாழ்தேவி பளை வரைக்கும்தான் ஓடியது. ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போகத் தொடங்கியதும் இறங்கி ஏறும் சனம் குறைந்துபோனது. யன்னலோரம் இருப்பவருக்கு இப்போது பளை என்றால் தென்னை, புலோப்பளைப் பக்கம் சுழலும் காற்றாலை, அவ்வளவுதான்.

ஆனால் இது பழைய மண். ஒல்லாந்தர் காலத்தில் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சியோடு சேர்த்து எண்ணப்பட்ட நாலாவது பிரிவு, பளை இருக்கிற பச்சிலைப்பள்ளி. அவர்கள் கட்டிய சிறு கோட்டையொன்றின் இடிபாடு இயக்கச்சியில் இன்னும் கிடக்கிறது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோதுதான் பச்சிலைப்பள்ளி யாழ்ப்பாண மாவட்டத்தை விட்டுப் பிரிந்தது. காணி ஒரு பக்கம், கச்சேரி மறு பக்கம். கொண்டான் கொடுத்தான் மட்டும் இரண்டு பக்கமும்.

இந்த இதழில் ஊர் நிகழ்வுகளுக்கென்று நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். “பொங்கலும் பரிசளிப்பும் எல்லா ஊரிலும்தானே நடக்குது, இதுக்கு ஏன் இத்தனை பக்கம்?” என்று அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எல்லா ஊரும் எங்கள் ஊர் போலக் கலைந்து திரும்பியதில்லை என்பதுதான் என் பதில்.

2000ஆம் ஆண்டு இத்தாவிலில் நடந்த சண்டையும், அதன்பிறகு வருடக்கணக்காக முகமாலையில் நீண்டு கிடந்த முன்னரங்கும் இந்தப் பக்கத்துக் குடிமனைகளைத் துடைத்துவிட்டன. 2009இல் போர் முடிந்தபின் சனம் ஒரே நாளில் திரும்பவில்லை. ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்கள் மிதிவெடி அகற்றி, காணி துண்டு துண்டாக விடுபட்ட கணக்கில்தான் குடும்பங்களும் வந்தன. ஒழுங்கையின் இந்தப் பக்கம் அடுப்பு எரியும். அந்தப் பக்கம் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் முதலிலும் நாங்கள் பிறகுமாக, வருட இடைவெளியில் கூடிய அயல் இது. ஆளை ஆள் மறுபடி கண்டது கோயில் பொங்கலிலும் செத்த வீட்டிலும்தான். யூலையில் கிளாலி புனித யாகப்பர் கோயில் திருநாளுக்கு வந்து, பழைய அயலவரைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு.

நேரம் கிடைத்தால் உங்கள் சனசமூக நிலையத்து அறிவித்தல் பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிரமதானம், மாதர் சங்கக் கூட்டம், மரணாதாரச் சங்கத்தில் சந்தா நிலுவை வைத்தவர்களின் பட்டியல். கடைசியைத்தான் எல்லோரும் முதலில் வாசிப்பார்கள்! ஆனால் அந்தச் சங்கத்தின் கொட்டில் தடியும் பிளாஸ்டிக் கதிரையும் வராமல் எந்தச் செத்த வீடும் நடப்பதில்லை.

தென்னை உள்ள ஊர், தோரணத்துக்குக் குருத்தோலை தேடி அலைய வேண்டியதில்லை. மடித்துக் கிழிக்கத் தெரிந்த கைதான் குறைந்து வருகிறது. கலியாண வீட்டுத் தோரணத்தில் ஓலையில் மடித்த குருவியின் தலை மேலே பார்க்கும், செத்த வீட்டுத் தோரணத்தில் கீழே. சென்ற மாதம் ஒரு பந்தலில், ஒன்றுமே பேசாமல் ஒரு பெரியவர் கதிரையில் ஏறி, பெடியள் கட்டிவிட்டிருந்த தோரணத்தைத் திருப்பிக் கட்டினார். விளக்கம் கேட்ட பெடியனுக்கு, “முதல்ல கதிரையைப் பிடி” என்றார். நாலு பக்கம் ஒதுக்கியது இப்படியானவற்றை எழுதத்தான். எங்களைத் தவிர வேறு யார் எழுதப் போகிறார்கள்?

அடுத்த இதழ் சித்திரைக்கு வருகிறது. உங்கள் ஊர் நோட்டீஸ்களை அனுப்புங்கள். இறந்தவர் நினைவாக அச்சிட்ட பழைய கல்வெட்டுப் புத்தகங்கள் வீட்டில் இருந்தால் அவற்றையும் காட்டுங்கள். இடம்பெயர்வில் தொலைந்த பரம்பரை விபரங்கள் பல அவற்றில்தான் மிஞ்சியிருக்கின்றன. பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். விளையாட்டுக் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: வெற்றிக்கிண்ணத்தோடு வரிசையாக நிற்கும் படம் ஏற்கெனவே எங்களிடம் நிறைய இருக்கிறது. கிடுகு பின்னும் போட்டியில் அம்மாமார் ஆளை ஆள் கள்ளமாகப் பார்க்கிற படம் ஒன்றாவது எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்