பிணக்கு இயற்கை, அடிதடியும் இயற்கையா?



மனிதர் கூடும் இடத்தில் சண்டை வரும். சண்டை வந்தால் அடிதடியும் வரும். அதைத் தவிர்க்க இயலாது என்கின்றனர் பலர். ஆசிரியர் அறையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதனைப் பலமுறை கேட்டுவிட்டேன். முற்பாதி உண்மை. பிற்பாதி, அடிப்பவர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் நற்சான்றிதழ்.

சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் சுங்கை லாலாங்கிற்கு அண்மையிலுள்ள பீடோங் வட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை இங்கே எழுந்தது. கள்ளுக்கடையை மூடவும் தோட்டத் தொழிலாளரின் தன்மானத்தைக் காக்கவும் எழுந்த படை அது. நிர்வாகமும் அரசும் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கலாம்; காவல்துறையையே ஏவின. 1947 ஏப்ரலில் கெடாவின் டப்ளின் தோட்டத்தில் காவல்துறை சுட்டதில் தொழிலாளி ஒருவர் மாண்டார். அந்தச் சாவு விதியன்று. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவர்களின் முடிவு.

தொண்டர்களும் குடித்தவர்களைத் தண்டித்தது உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. ஆயினும் அவர்களின் உண்மையான வலிமை கம்பில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒருசேர வேலைக்குப் போகாமல் நின்றதில் இருந்தது. வேலைநிறுத்தம் பிணக்கின் கடுமையான வடிவமே. ஆனால் அது வன்முறையன்று.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலி பற்றிய பேச்சு மேசைக்கு வந்தது, ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1967இல் தொழிலுறவுச் சட்டம் இயற்றப்பட்டது. பேசித் தீராத வழக்கு தொழில் நீதிமன்றம் செல்ல வழி பிறந்தது. கிடைத்த கூலி போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் அதே கித்தா மரங்கள், அதே முதலாளி தொழிலாளி பிணக்கு. துப்பாக்கி மட்டும் தேவைப்படவில்லை. மனித இயல்பு ஏழாண்டுகளில் மாறிவிடவில்லை. பேசுவதற்கு ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவே.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியை இன்றும் பெருமையோடு சொல்கிறோம். நம் பிள்ளைகள் மாடுகளா? 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளே பிரம்பை எல்லார் கையிலும் கொடுக்கவில்லை. மாணவியரை அடிக்க அறவே தடை விதிக்கின்றன. ஓய்வு நேரத்தில் அடித்துக்கொண்ட இரு மாணவர்களைப் பிரம்பால் அடித்துத் திருத்த முனைகிறோம். அவர்கள் கற்றுக்கொள்வது யாது? பெரியவனாக இருந்தால் அடிக்கலாம் என்பதைத்தான்.

இருவரையும் எதிரெதிரே அமர்த்துங்கள். ஒருவன் பேசும்போது மற்றவன் கேட்கட்டும். கால் மணி நேரம் போதும். பாடத்திட்டம் முடியவில்லையே என்பீர்கள். இதுவும் பாடந்தானே?

பிணக்கை ஒழிக்க நம்மால் இயலாது. அதைப் பேசித் தீர்க்கும் பழக்கத்தைத் தர இயலும். வீட்டில் பெற்றோரும் பள்ளியில் நாமும் தராவிட்டால் வேறு யார் தருவார்? சிந்திப்போம்.