ஸ்டெண்டர் புகையில் போவது

வெள்ளாற்றுப் படுகையின் நெல் வயல்களில் தெளித்த பி.எச்.சி. பூச்சிக்கொல்லி எங்கே போகிறது என்று பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் 1980களின் கடைசியில் கணக்கெடுத்தார்கள். ஆற்றோடு கடலுக்குப் போனது சொற்பம். 99 சதவீதத்துக்கு மேல் காற்றில் ஏறியிருந்தது. வெயில் நாட்டில் ஆவியாகும் இவ்வகை ரசாயனம் குளிர் நாட்டில் படியும். ஆர்க்டிக் கடலின் பெலூகா திமிங்கலக் கொழுப்பில் பி.எச்.சி. சேர்ந்தது அப்படித்தான். ஆண் திமிங்கலத்தில் இத்தகைய நஞ்சு வயதோடு ஏறிக்கொண்டே போகும். தாயோ தன் சுமையைப் பாலோடு கன்றுக்கு இறக்கும். இந்தியா பி.எச்.சி.யை 1997இல் தடைசெய்தது.

இன்று நம் துணிப் பட்டறைகளிலிருந்தும் அதே காற்றுவழி திறந்திருக்கிறது. தண்ணீர் ஒட்டாத பினிஷிங்குக்காகப் பேடிங் தொட்டியில் ஊற்றும் ஃப்ளோரோகார்பனில் கொஞ்சம் ஃப்ளோரோடெலோமர் ஆல்கஹால் எஞ்சியிருக்கும். துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டெண்டரில் 150, 160 டிகிரியில் க்யூரிங் ஆகும்போது அது ஆவியாகிப் புகைபோக்கியில் வெளியேறும். பல நாள் காற்றில் அலைந்து சிதைந்து, பி.எஃப்.ஓ.ஏ. போன்ற அமிலங்களாக மழையிலும் பனியிலும் இறங்கும். அதற்குமேல் அவை சிதைவதில்லை. கொழுப்பைவிட ரத்தப் புரதத்திலும் ஈரலிலும்தான் ஒட்டும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். ஆர்க்டிக் பனிக்கரடி வரை எட்டியிருப்பதை 2001இல் ஜான் கீசியும் தமிழரான குருந்தாசலம் கண்ணனும் காட்டினார்கள். ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பி.எஃப்.ஓ.எஸ். 2009இலும், பி.எஃப்.ஓ.ஏ. 2019இலும் சேர்ந்தன.

எட்டு கார்பன் கொண்ட சி8 போய் ஆறு கார்பன் கொண்ட சி6 வந்துவிட்டதே என்பார்கள். சி6 உடலில் தங்குவது குறைவு, அது உண்மை. ஆனால் அதன் எச்சமும் அழியாது. நிலத்தடி நீரோடு இன்னும் எளிதாக ஓடும்.

2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கடன்பட்டுத்தான் ஜீரோ டிஸ்சார்ஜுக்கு வந்தோம். அந்த உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் ஆர்.ஓ. இந்த ரசாயனத்தைப் பிடிக்குமே தவிர அழிக்காது. ரிஜெக்ட், எவாபரேட்டர், கலப்பு உப்பு என்று அது இடம் மாறுகிறது. ஸ்டெண்டர் புகைக்கு அந்த ஆர்.ஓ.வும் இல்லை.

பல்லடம் தாராபுரம் சாலையில் குண்டடம் பக்கம் வரை தொழில் நீண்டுவிட்டது. அந்தப் பகுதி கால்நடையை நம்பிய மானாவாரிச் சீமை. மாட்டின் உடலுக்குள் போன பி.எஃப்.ஓ.எஸ். பாலிலும் இறங்கும் என்பது சோதித்து அறிந்த செய்தி. அங்கே பினிஷிங் யூனிட் போட நினைப்பவர்கள் ஃப்ளோரின் இல்லாமலே தொடங்கட்டும். மழைக்கும் வியர்வைக்கும் மெழுகு, சிலிகோன் வகைகளே போதும். எண்ணெய்க் கறையை அவை தடுக்காது. ஆனால் ஒரு டி-சர்ட்டுக்கு அது எதற்கு?

ஆடைகளில் இந்த ரசாயனங்களுக்குப் பிரான்ஸ் விதித்த தடை 2026 ஜனவரிக்கும், ஐரோப்பிய ஒன்றியம் சி6 எச்சத்துக்கு விதித்த கட்டுப்பாடு அதே ஆண்டு அக்டோபருக்கும் குறிக்கப்பட்டவை. பையர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு டிரம்முக்கும் மொத்த ஃப்ளோரின் சோதனை அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். கையிருப்பு ஃப்ளோரோகார்பனையும் தொட்டியில் மிஞ்சிய கரைசலையும் ஈ.டி.பி.க்கு விடாமல் தனியே பிடித்து, அபாயக் கழிவாகக் கணக்கில் காட்டி அனுப்புங்கள்.