இரு பட்டமும் ஒரு தோணியும்

பிரான்சின் சியான்ஸ் போவில் ஈராண்டு, நியூயோர்க் கொலம்பியாவில் ஈராண்டு, முடிவில் இரு பட்டம். "விண்ணப்பிக்கலாமா, ஐயா?" எனக் கல்லடியில் என் மாணவி ஒருத்தி வினவினாள்.

இரட்டைக் கல்வி நமக்குப் புதிதன்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார்; பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். (பண்டிதத்தை இன்று பட்டமென மதிப்போர் சிலரே, அது வேறு கதை.) 1947இல் வெளிவந்த யாழ்நூலின் சுருதிக் கணக்கு அவ்விரு கல்வியும் கூடியதாற் பிறந்தது. ஆதலின் அவளது ஆசையை நான் குறைகூறேன்.

அஞ்சுவது பணத்துக்கே. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360ஐக் கடந்தது. காணியை ஈடுவைத்துப் பிள்ளைகளை அனுப்பியோர் கலங்கினர். வந்தாறுமூலையிலோ கற்பித்தற் கட்டணமில்லை.

"விண்ணப்பி, முழு உதவிப்பணம் கிடைத்தாலன்றி ஏற்காதே, இங்குள்ள விண்ணப்பத்தையும் தவறவிடாதே" என்றேன். அவள் தந்தைக்கு வாவியில் ஒரு தோணியே உடைமை. அதனை விற்கும்படி நான் சொல்லேன்.