பெரிய ஈயின் 'வெற்றி' யாருடையது?

பழ ஈயின் இனச்சேர்க்கையைப் பற்றிய பாடங்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன: உருவில் பெரிய ஆண் வெல்கிறது. அது பொய்யன்று. டுரோசோபிலா மெலனோகாஸ்டர் இனத்தில் லிண்டா பார்ட்ரிட்ஜும் உடன் பணியாற்றியோரும் 1980களில் நடத்திய ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டின. பெரிய ஆண் விரைந்து நகர்கிறது, பெண்ணை விடாது தொடர்கிறது, சிறகை அதிர்த்து எழுப்பும் காதலொலியை மிகுதியாகச் சேர்ப்பிக்கிறது, போட்டியாளரை விரட்டுகிறது.

ஆனால், 'இணைசேர் வெற்றி' என்ற கலைச்சொல் எதை அளக்கிறது? ஆண் எத்தனை முறை இணைந்தது என்பதை மட்டுமே. அதற்குப் பெண் கொடுக்கும் விலை அக்கணக்கில் இல்லை. ஆணின் உருவம் பெருகப் பெருகப் பெண்ணுக்கு நேரும் தீங்கும் பெருகுகிறது என்று பிட்னிக், கார்சியா-கொன்சாலஸ் ஆகிய இருவரும் 2002இல் காட்டினர். பெண்ணின் உருவமும் இதற்கு விலக்கன்று. ஆண்கள் பெரிய பெண்களையே மிகுதியாக நாடுகின்றன. ஆகவே, மிகுதியான முட்டையிடும் ஆற்றல் கொண்ட அப்பெண்களே மிகுதியான தொல்லைக்கும் ஆளாகின்றன.

உருவத்தையே மரபுத் தரமாகக் கொள்வதும் சரியன்று. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த ஈ அதன்பின் வளர்வதில்லை. புழுப் பருவத்தில் கிடைத்த உணவும், இடநெருக்கடியும், வெப்பநிலையும் அதன் அளவைப் பெரிதும் முடிவுசெய்கின்றன. நெருக்கடியில் வளர்ந்த சிறிய ஆணின் தோல்வி அதன் மரபணுவின் குறையென்று ஆகிவிடாது.

சிறுமை எங்கும் இழப்புமன்று. பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் ஆய்வுக்குழு, விரைவான வளர்ச்சிக்கெனப் பல நூறு தலைமுறைகள் தெரிந்தெடுத்த ஈக்கள் உருவில் சுருங்கின. அச்சூழலில் நிலைத்தவை சிறியவையே. அவற்றின் ஆண்களால் பெண்களுக்கு நேரும் தீங்கும் குறைந்தது.

கலைச்சொல் வெறும் குறியீடு, அதன் அகராதிப் பொருளைத் துருவுவது வீண் என்பாருண்டு. குறியீடே ஆயினும், எதை எண்ண வேண்டும் என்று ஆய்வாளருக்குச் சொல்வது அதுதான். இணைவுகளை மட்டும் எண்ணும் சோதனையில் பெண்ணின் வாழ்நாள் தரவாகவே பதிவாவதில்லை. பதிவாகாத ஒன்றைப் பின்னர் எந்தப் புள்ளியியலாலும் மீட்க முடியாது.

ஆகவே, 'வெற்றி' என்று எழுதுமிடத்தில் 'இணைவு எண்ணிக்கை' என்று எழுதலாம். ஈக்கள் வளர்ந்த சூழலையும், பெண்ணின் வாழ்நாளையும், முட்டைகளையும் அதனருகில் பதியலாம். பெரிய ஆண் மிகுதியாக இணைகிறது என்பது ஆய்வின் தொடக்கம். பாடத்தின் முடிவாக அது நிற்கலாகாது.