அமெரிக்க மொய் நோட்டு

பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால்கூட நம்மவர்கள் மன்னித்துவிடுவார்கள். வைத்த மொய்யை நோட்டில் ஏற்றாமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது! அமெரிக்க வருமான வரி இலாகாவும் இந்த விஷயத்தில் நம்ம மதுரைப் பக்கம்தான். அங்கே மொய் நோட்டுக்குப் பெயர், படிவம் 8606.

நியூஜெர்ஸியில் இருக்கும் என் தம்பிக்கு அறுபது முடிந்துவிட்டது. ஐ.ஆர்.ஏ. என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 2015 முதல் 2018 வரை வருஷத்துக்கு 5,000 டாலர் போட்டு வைத்தான். இதில் போடும் பணத்துக்குப் பலருக்கு வரிச்சலுகை உண்டு. ஆனால் கம்பெனியிலேயே ஓய்வுத் திட்டம் இருந்து, வருமானமும் ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் கிடையாது. தம்பிக்குக் கிடையாது. ஆக, வரி கட்டிய பணத்தைத்தான் போட்டான். அதைச் சொல்லும் 8606-ஐ மட்டும் நாலு வருஷமும் அனுப்பவில்லை.

"அதனால என்னண்ணா? அதான் வரி கட்டியாச்சே!"

"கட்டினது உனக்குத் தெரியும்டா. அவங்களுக்குத் தெரியணுமே?"

கணக்கைப் பாருங்கள். இருப்பு இப்போது 36,000 டாலர். அவனுக்கு இருப்பது இந்த ஒரே ஐ.ஆர்.ஏ. தான். மொத்தமாக எடுத்தால், போட்ட 20,000-க்கு வரி இல்லை. வளர்ந்த 16,000-க்கு மட்டும்தான். 8606 இல்லையென்றால் 36,000-க்கும் தீட்டிவிடுவார்கள். 22 சதவீதக்காரருக்கு 4,400 டாலர் தண்டம். ஒரே பணத்துக்கு இரண்டு தடவை வரி! (கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால், ஒவ்வொரு தடவையும் முதலும் வளர்ச்சியும் அதே விகிதத்தில்தான் வரும்.)

நல்லவேளை, மொய்யைத் தாமதமாகவும் எழுதலாம். 2015-க்கு 2015-ம் வருஷத்துப் படிவம், 2016-க்கு அந்த வருஷத்துப் படிவம். பழசிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏனென்றால் ஒரு வருஷத்தின் மொத்தம்தான் அடுத்த வருஷத்துக்கு முன்பாக்கி. பழைய வரியில் மாற்றம் இல்லாததால், பலர் 8606-ஐ மட்டும் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். தவறுதலாகச் சலுகையும் வாங்கியிருந்தால் கதை வேறு. 1040-எக்ஸ் என்கிற திருத்தக் கணக்கே தாக்கல் செய்ய வேண்டும். எதற்கும் விஷயம் தெரிந்த ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

பணம் போட்டதற்கு அத்தாட்சி, கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் வருஷாவருஷம் அனுப்பும் 5498. தம்பி வீட்டு பேஸ்மென்ட்டில், கொலு பொம்மைப் பெட்டிக்கு அடியில் நாலும் அகப்பட்டுவிட்டன. கணக்கில் கடைசி டாலரை எடுக்கும்வரை இவற்றையும் 8606 நகல்களையும் பத்திரப்படுத்த வேண்டும்.

"லேட்டா அனுப்பினா படிவத்துக்கு 50 டாலர் அபராதமாமே அண்ணா? நாலுக்கு 200 ஆகுதே!"

நியாயமான காரணம் சொன்னால் அதையும் விட்டுவிடுவார்கள். விடாவிட்டால்தான் என்ன? 4,400 மிச்சமாகிறவன் கேட்கிற கேள்வியா இது!