பிள்ளைகளின் மலத்தின் நிறம்: முகம் சுளிக்காமல் படியுங்கள்



இன்று எழுதப்போகும் பொருள் சிலருக்கு அருவருப்பைத் தரலாம். உணவருந்திக்கொண்டே வாசிப்பவர்கள் உண்டு முடித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். ஏன் இதை எழுதுகிறேன் என்றால், ஒரு மாணவனை நான் அநியாயமாகக் கடிந்துகொண்டேன். அது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

ஆண்டு இரண்டில் படித்த பையன். பாகான் செராய் நகருக்கு வெளியே, வயலை ஒட்டிய கம்பத்தில் தாத்தா பாட்டி வீட்டிலிருந்து வருகிறவன். பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, "டீச்சர், வெளிய போகணும்" என்பான். அனுப்புவேன். திரும்பி வந்து அரை மணி நேரத்தில் மறுபடியும் கை உயரும். கணக்குப் பாடத்திலிருந்து தப்பிக்கும் தந்திரம் என்று முடிவு கட்டினேன். ஒரு நாள் வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "உனக்கு மட்டும் என்ன தனி வயிறா?" என்று கேட்டுவிட்டேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு அவன் கேட்கவேயில்லை. நான் வெற்றி பெற்றதாகவே நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். அலுவலகத்தில் பேசாமல், வாகனம் நிறுத்தும் இடம் வரை என்னை அழைத்துச் சென்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "எப்படிச் சொல்றதுன்னே தெரியல டீச்சர், வெக்கமா இருக்கு. ஒரு மாசமா இவனுக்கு வெளுப்பா, எண்ணெய் மாதிரி மிதக்குது. தண்ணி ஊத்தினாலும் போகமாட்டேங்குது. நாத்தம் தாங்கல. ரெண்டு தடவ பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்தேன், கேக்கல." பாட்டியோ பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தார். பையனின் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவுவதை நானும் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் மலப் பரிசோதனை செய்தார்கள். முதல் முறை ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் விடாமல் வேறு வேறு நாள்களில் மாதிரி கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது மாதிரியில் ஜியார்டியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி இருப்பது தெரிந்தது. இந்த ஒட்டுண்ணி எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. விட்டு விட்டுத்தான் வரும். ஆகவே ஒரே ஒரு முறை சோதித்துவிட்டு, 'ஒன்றுமில்லை' என்ற தாளோடு வீடு திரும்புவது போதாது. சில நாள் மருந்தில் பையன் தேறினான். பால் மட்டும் இன்னும் சில வாரங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடலின் உட்சுவர் ஆறும்வரை அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம். கிருமி எங்கிருந்து வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிணற்று நீராக இருக்கலாம். பிள்ளைகள் குதித்து விளையாடும் வயல் வாய்க்காலாக இருக்கலாம். ஜியார்டியாவின் கூடுகள் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். குழாய் நீரில் கலக்கும் குளோரினையும் ஓரளவு தாங்கும். கொதிக்க வைத்தால் மட்டும் பிழைக்காது.

இனி நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். மலம் பழுப்பு நிறமாக இருப்பதற்குக் காரணம் பித்தம். கல்லீரல் சுரக்கும் பித்த நிறமி, குடலில் வாழும் நுண்ணுயிர்களால் படிப்படியாக மாறிப் பழுப்பாகிறது. பித்தம் பச்சையாகத்தான் புறப்படுகிறது. வயிற்றுப்போக்கின்போது உணவு குடலில் விரைந்து ஓடிவிடுவதால் அந்த மாற்றத்திற்கு நேரம் இருப்பதில்லை. மலம் பச்சையாகவே வெளியேறுகிறது. 'பிள்ளை பயந்துவிட்டது, பச்சையாகப் போகிறது' என்று நம் பாட்டிமார்கள் சொன்னதில் பாதி உண்மை. பச்சையாகப் போனதை அவர்கள் சரியாகக் கவனித்தார்கள், காரணத்தைத்தான் பேயின் மேல் போட்டார்கள். கவனித்தார்களே, அதுவே பெரிது. இன்று தண்ணீரை அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறோம்.

ஜியார்டியா சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொண்டு, கொழுப்பு உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. சேராத கொழுப்பு வெளியே வரும்போது மலம் வெளிறி, பிசுபிசுத்து, மிதந்து, கடுமையாக நாறும். அந்தத் தாயார் வாகன நிறுத்துமிடத்தில் வெட்கத்தோடு சொன்ன அடையாளங்கள் மருத்துவ நூல்களில் உள்ள அதே அடையாளங்கள்தாம். அவர் மிக நல்ல சாட்சி. அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அமீபா போன்றவை பெருங்குடலைப் புண்ணாக்கினால் சளியும் இரத்தமும் கலந்து சீதபேதியாகப் போகும். சாட்டைப்புழு மிகுதியாக இருந்தாலும் அப்படி ஆகும். சில பிள்ளைகளுக்கு ஆசனவாயே வெளித்தள்ளும். கொக்கிப்புழு வேறு வகை. அது குடலைக் கவ்விக்கொண்டு நாள்தோறும் துளித்துளியாக இரத்தம் உறிஞ்சும். பெரும்பாலும் மலத்தின் நிறத்தில் எதுவும் தெரியாது. பிள்ளை வெளிறும், சோம்பும், வகுப்பில் தூங்கும். நாம் அதற்கு 'மந்தம்' என்று பெயர் வைப்போம்.

நிறம் மாறியதும் பதறவும் வேண்டா. சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்ட மறுநாள் கழிவறையைப் பார்த்து அலறிய பெற்றோரை எனக்குத் தெரியும். கீரை, பண்டான் பச்சை கலந்த குவே, நிறமேற்றிய பானங்கள் எல்லாம் தங்கள் வண்ணத்தை விட்டுச்செல்லும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை கருமையாக்கும். இவை ஓரிரு நாளில், அல்லது மருந்தை நிறுத்தியதும், சரியாகிவிடும். வாரக்கணக்கில் மாறாமல் தொடர்வதுதான் கவனத்திற்குரியது. உடல் மெலிவு, காய்ச்சல், வயிற்று வலி இவற்றில் ஒன்று கூடவே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆனால் இரும்பு மாத்திரை சாப்பிடாத பிள்ளைக்குத் தாரைப் போல் கறுப்பாக, பிசுக்கென்று போனால் வாரக்கணக்கு பார்க்கக்கூடாது. அது மேல் வயிற்றில் கசியும் இரத்தமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்துச் சிறுநீர் தேயிலைச் சாயம் போல் கறுத்தால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். ஹெப்பாடைட்டிஸ் ஏ போன்ற கல்லீரல் அழற்சியில் அப்படி ஆகும். நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் உருண்டைப்புழுகூடச் சில வேளைகளில் பித்தக்குழாய்க்குள் ஏறி அடைத்துக்கொள்ளும்.

தொற்று அல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக. பிறந்து இரண்டு வாரத்திற்குப் பிறகும் மஞ்சள் காமாலை விடாமல், மலமும் வெளுத்துப் போனால், பித்தக்குழாய் பிறவியிலேயே அடைபட்டிருக்கக்கூடும். இரண்டு மாதத்திற்குள் அறுவை செய்தால்தான் நல்ல பலன். தைவான் நாட்டில் 2004ஆம் ஆண்டு முதல், மலத்தின் நிறங்களை அச்சிட்ட ஓர் அட்டையைப் பிள்ளை பெற்ற தாய்மார் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். தாய் அதைக் குழந்தையின் துணியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். காலையில் வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் நாள் கடத்துகிறோமே, அந்த நாள்கள் திரும்பி வரா.

நம் தோட்டத்து வரலாற்றோடும் இந்தப் பொருளுக்கு நெருங்கிய உறவு உண்டு. ரப்பர்த் தோட்டம் கொக்கிப்புழுவுக்கென்றே அமைத்துக் கொடுத்த வீடு. நிழல், ஈரம், சூடு மூன்றும் மண்ணில் இருக்கும். ஒழுங்கான கழிப்பறை இல்லாத காலத்தில் மரத்தடிதான் ஒதுங்குமிடம். மறுநாள் விடியலில் அதே மண்ணை வெறுங்காலோடு மிதித்துத்தான் பால் வெட்டப் போக வேண்டும். புழுவின் குஞ்சுகள் பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே நுழையும். 1915ஆம் ஆண்டு முதல் 1917ஆம் ஆண்டு வரை, ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஆய்வுக் குழு, சாமுவேல் டார்லிங் என்பவரின் தலைமையில் மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் இதனை ஆராய்ந்தது. மருந்து கொடுத்து, வெளியேறிய மலத்தைச் சலித்து, புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். புழு இருக்கிறதா இல்லையா என்பதைவிட எத்தனை இருக்கின்றன என்பதே முதன்மையானது என்று அவர்கள் கண்டார்கள். சஞ்சியில் வந்த தமிழனைச் 'சோம்பேறி' என்று துரைமார்கள் எழுதி வைத்த அதே காலத்தில்தான், அவனுடைய இரத்தத்தைப் புழு குடிக்கிறது என்பதையும் வெள்ளைக்கார மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். இரண்டில் எதை நாம் நம்பினோம் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. நானே அந்தப் பையனைப் பற்றி முதல் வகையைத்தானே நம்பினேன்!

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். தோட்டப் பள்ளியில் வரிசையாக நிறுத்தி, ஆசிரியர் கண்முன்னே பூச்சி மருந்தை விழுங்க வைப்பார்கள். 1974ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய அளவிலான திட்டம் அது. தொற்று வெகுவாகக் குறைந்ததனால் 1983ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மருந்தோடு, குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் செருப்பும் வந்ததும் அந்தக் குறைவுக்குக் காரணம். ஆனால் பூர்வகுடிப் பிள்ளைகளிடையே புழுத்தொற்று இன்றும் அதிகமாகவே இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இந்தியாவில் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் என்று ஒரு நாளை ஒதுக்கிப் பள்ளிகளிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் அந்தத் திட்டத்தை மீண்டும் கொண்டுவர வேண்டுமா? தேவைப்படும் உட்பகுதிகளுக்கு வேண்டும் என்பேன். நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

காரணம் இருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒரு முறை கடையில் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முன்பு விளக்கெண்ணெய், பள்ளி விடுமுறையில் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். இப்போது ஒரு மாத்திரை. அந்த ஒரு வேளை மாத்திரை உருண்டைப்புழுவை நன்றாகவே ஒழிக்கும். சாட்டைப்புழுவிடம் அதன் வேகம் குறைவு. ஜியார்டியாவுக்கோ டைபாய்டுக்கோ கல்லீரல் அழற்சிக்கோ ஒரு வேளை பூச்சி மருந்து மருந்தே அன்று. மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் ஒரு மாதம் ஓடிவிட்டதே, அந்தத் தாயாருக்கு நேர்ந்த இழப்பு அதுதான். மருந்துக்கடைக்குப் போவதற்கு முன் ஒரு சிறு குப்பியில் மாதிரி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். கைப்பைக்குள் மூன்று பிளாஸ்டிக் பைகளால் சுற்றி, குற்றம் செய்தவர்போல் மோட்டார் சைக்கிளில் கொண்டு போனதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு அது அன்றாட வேலை.

இனி ஆசிரியர்களுக்கு. நலக்கல்வி நடத்தும்போது கைகழுவும் முறையைப் படம் போட்டுக் காட்டுகிறோம்; பிறகு சவர்க்காரம் இல்லாத கழிப்பறைக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். சிற்றுண்டிச்சாலையில் உணவைக் கையாள்பவர்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், டைபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் சொல்கின்றன. பள்ளிகளும் அதைக் கண்டிப்பாகவே பார்க்கின்றன. அதே கண்டிப்பு கழிப்பறையின் தாழ்ப்பாளிலும் தண்ணீரிலும் ஏன் இல்லை? நாற்றத்துக்குப் பயந்து காலை முதல் அடக்கி வைத்திருந்து வீட்டுக்கு ஓடும் பிள்ளைகள் எத்தனை பேர்! பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கான டீ-சட்டையின் நிறத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். கழிப்பறையைப் பற்றிப் பேச எழுந்தால் சிரிப்பொலிதான் முதலில் கேட்கிறது.

சொற்களும் நமக்குத் தடையாக இருக்கின்றன. ஒன்றுக்கு, இரண்டுக்கு, வெளிக்கு, கொல்லைக்கு, கால் கழுவ... மறைத்துச் சொல்ல எத்தனை வழிகள்! நேராகச் சொல்ல ஒரு பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்த சொல் எது? 'மலம்' என்று சொன்னால் வகுப்பே முகத்தை மூடுகிறது. ஏழு வயதுப் பையன் தனக்கு என்ன நடக்கிறது என்பதை என்னிடம் சொல்ல விரும்பியிருந்தாலும் எந்தச் சொல்லை வைத்துச் சொல்லியிருப்பான்? இவ்வாண்டு என் வகுப்பில் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். ஐந்து நிமிடம் சிரித்தார்கள். பிறகு ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்க தம்பிக்குப் பச்சையா போகுது, அது சரியா?" என்று கேட்டாள். வயிற்றுப்போக்கு எத்தனை நாளாக என்று கேட்டேன். நேற்றிலிருந்து என்றாள். நீர் நிறையக் கொடுக்கச் சொல், தம்பி சோர்ந்து போனாலோ நாளைக்கும் நிற்கவில்லை என்றாலோ அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல் என்றேன். அன்று மாலை அவளுடைய அம்மாவிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

அந்தப் பையன் இப்போது ஆண்டு மூன்றில் இருக்கிறான். கால்சட்டை இடுப்பில் நிற்கிறது. வெளியே போக வேண்டும் என்றால் இப்போதும் கையைப் பாதிதான் உயர்த்துகிறான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.